கல்லாங் ஆறு பிறக்கும் இடம்

சிங்கப்பூரில் உறவினர் வீட்டுக்கு வரும் தோட்டத்து அன்பர்களே! வந்தால் எங்கே போகிறீர்கள்? சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மனைத் தரிசிக்கிறீர்கள். முஸ்தபா கடையில் பை நிறையச் சாமான் வாங்குகிறீர்கள். கால் கடுக்க ஜாலான் புசாருக்கு நடந்து வந்து ஒரு தே தாரேக் குடிக்கிறீர்கள். "சிங்கப்பூர் என்றால் கடைத்தெருதான்" என்று முடிவுகட்டிவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறீர்கள். அடுத்த முறை ஒரு காலைப் பொழுதை எனக்குத் தாருங்கள். உங்களை ஓர் ஏரிக்கரைக்கு அழைத்துப் போகிறேன்.

ஜொகூர் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் பால் வெட்டிய என் பெரியம்மா வந்திருந்தபோது, "இன்றைக்குக் காட்டுக்குப் போகலாம், பெரியம்மா" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "நான் பாக்காத காடா, தம்பி? காட்டை விட்டு வெளிய வரத்தானே இத்தனை காலமாச்சு!" என்றார். என் மகன் விடவில்லை. பாட்டியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறி, ஸ்டீவன்ஸில் மாறி, அப்பர் தாம்சனில் இறங்கினோம். அங்கிருந்து பேருந்து பிடித்துப் பழைய அப்பர் தாம்சன் சாலையை அடைந்தோம். 1961 முதல் 1973 வரை மோட்டார் பந்தயக் கார்கள் சீறிப் பாய்ந்த சாலை அது. இன்று அங்கே குரங்குகள்தாம் ராஜா!

சாலையோரத்துப் பூங்காவுக்குள் நுழைந்ததும் கண்முன் விரிகிறது லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கம். அடடா, என்ன அமைதி! சுற்றிலும் பச்சை மரங்கள், நடுவே அசையாத நீர். கல்லாங் ஆற்றை அணைகட்டித் தடுத்து, 1910ஆம் ஆண்டு கட்டி முடித்த நீர்த்தேக்கம் இது. நகராட்சிப் பொறியாளராக இருந்த ராபர்ட் பியர்ஸின் பெயரை 1922இல் சூட்டினார்கள். 1975இல் மேற்புறத்தில் இன்னோர் அணை எழும்பி மேல் நீர்த்தேக்கம் உருவானதால், பழையது 'லோவர்' பியர்ஸ் ஆயிற்று.

கரையோரக் காட்டுக்குள் சுமார் 900 மீட்டர் நீளத்துக்குப் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். வயதானவர்களும் நிதானமாக நடக்கலாம். பாதி வழியில் பெரியம்மா சட்டென்று நின்றார். தரையில் கிடந்த புள்ளி போட்ட கொட்டையொன்றை எடுத்துத் துடைத்தார். அண்ணாந்து பார்த்தார். "தம்பி, இது கித்தா மரமில்லே?"

ஆம் அன்பர்களே, கித்தா மரமேதான்! முன்னொரு காலத்தில் இங்கே ரப்பர் தோட்டம் இருந்தது. பால் வெட்டுவார் இல்லாமல் போகவே, விதை விழுந்து காட்டு மரங்களும் கூட வளர்ந்து, நிரை கலைந்து வனமாகிவிட்டது. நீரைக் காக்கக் காட்டைக் காத்தார்கள். காட்டோடு கித்தா மரங்களும் பிழைத்துக்கொண்டன.

"பாட்டி, இந்த மரத்துல என்ன வரும்?" என்று கேட்டான் மகன்.

"பால் வரும்பா. உங்க அப்பா படிச்சதே அந்தப் பாலுலதான்" என்றார். இருட்டில் பிரட்டுக்கு ஓடியது, மழை வந்தால் அன்றைய கூலி போனது, ஒட்டுப்பால் பொறுக்கியது என்று எல்லாம் சொன்னார். கடைசியில் மரத்தைத் தடவிக் கொடுத்து, "உனக்கும் ஓய்வு கெடைச்சிருச்சா?" என்று கேட்டபோது, எனக்குத் தொண்டை அடைத்தது.

இன்னொரு சேதியும் கேளுங்கள். 1963இல் மழை பொய்த்துச் சிங்கப்பூரில் தண்ணீர்ப் பங்கீடு வந்தது; அது 1964 வரை நீடித்தது. தண்ணீரின் அருமை அப்போது எல்லோருக்கும் புரிந்தது. 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றுநீர் 2061 வரை உண்டு என்றாலும், சொந்த மழைநீரைச் சேர்ப்பதிலும் இந்த ஊர் கண்ணாக இருக்கிறது. 1977 பிப்ரவரியில் மேல் பியர்ஸ் நீர்த்தேக்கத்தைத் திறந்து வைத்த பிரதமர் லீ குவான் இயூ, சிங்கப்பூர் ஆற்றையும் கல்லாங் ஆற்றையும் பத்தே ஆண்டுகளில் சுத்தமாக்க வேண்டும் என்றார். அப்போது கல்லாங் ஆற்றில் பன்றிப் பண்ணைக் கழிவும் பட்டறைக் கழிவும் கலந்து ஓடின. பண்ணைகள் அகற்றப்பட்டன, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம் மாறின. 1987இல் வேலை முடிந்தது. 2008இல் கடல்வாயிலில் மரினா அணைக்கட்டு வந்தபின், ஆறு முடியும் இடமும் நீர்த்தேக்கமாகிவிட்டது. ஜாலான் புசார் பக்கத்துச் சாக்கடையில் விழும் மழைத்துளியும் ரோச்சோர் கால்வாய் வழியாக அங்கேதான் சேருகிறது.

அன்று மாலை ஜாலான் புசாருக்குத் திரும்பினோம். குடித்து முடித்த பானப் பெட்டியைச் சாக்கடையில் போடக் கை ஓங்கினான் மகன். பெரியம்மா தடுத்தார். "டேய், காலையில பாத்தமே, அதே மாதிரி தண்ணிதாண்டா இதுவும். குடிக்கிற தண்ணி." அவன் குப்பைத்தொட்டியைத் தேடிப் போனான்.

நீங்களும் போய் வாருங்கள். வெயிலுக்கு முன் கிளம்புங்கள். கட்டுச்சோறு கொண்டு போகலாம். ஆனால் குரங்கின் கண்ணில் படும்படி பையைத் திறக்காதீர்கள். அதற்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம். நீரில் இறங்கக் கூடாது. முக்கியமாக, உங்கள் வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போங்கள். அந்த மரங்களைப் பற்றிச் சொல்ல அவர்களிடம் கதை இருக்கும்.