ஆறில்லாத ஊரில் மிதப்புத் தூண்டில்

யாழ்ப்பாணத்தில் ஆறு எண்டு சொல்லக்கூடியது வழுக்கையாறு ஒன்றுதான். அதுவும் மாரி மழைக்கு ஓடி அராலியில் கடலோடு சேர்ந்துவிடும். கோடையில் போய்ப் பார்த்தால் மாடு மேயும். எங்கட தீவுப்பக்கத்தில் அதுகூட இல்லை. ஆனபடியால் கனடாவில் இருந்து வந்த பெரியப்பாவின் மகன், ஆற்றில் மீன் பிடிக்கிற தடி, உருளை, சிவப்பு வெள்ளை மிதப்பு எல்லாத்தோடும் ஊர்காவற்றுறையில் வந்து இறங்க எங்களுக்குச் சிரிப்பு. ஒன்ராறியோவில் கிராண்ட் ஆற்றுக்குள் இடுப்பளவு தண்ணியில் நின்று, மிதப்பை ஓட்டத்தோடு போகவிட்டு மீன் பிடிக்கிற ஆள் அண்ணா. அதுக்கு அங்கே லைசென்சும் எடுக்க வேணுமாம்.

"இஞ்ச தேவையில்லையோ சித்தப்பா?"

"முந்தி எங்களுக்குக் கடலுக்கு இறங்கவே பாஸ் வேணும்" எண்டார் அப்பா. அதுக்கு மேல் அவர் கதைக்கேல்ல.

பக்கத்து வீட்டுக் கூட்டாளியின் வள்ளத்தில் ஆறு பேர் போனோம். எங்களுக்கும் காரைநகருக்கும் இடையில் கடல் ஒடுங்கிக் கிடக்கும். நடுவில் கடற்கோட்டை. ஒல்லாந்தர் இலங்கையை ஒரு பன்றித் தொடையாகப் பார்த்து, இந்தக் கோட்டைக்கு அதன் குதிக்கால் எண்டு அர்த்தம் வாற மாதிரி ஹம்மன்ஹீல் எண்டு பேர் வைத்தார்கள். ஆக்கள் பசியோட இருந்திருக்க வேணும்! வத்து நேரம் அந்த ஒடுக்கத்தில் தண்ணி இழுக்கும். அண்ணாவின் மிதப்பு ஆற்றில் போற மாதிரியே போனது. முதல் மீன் அவருக்குத்தான், ஒரு முரல். "வெட்டிப் பார், எலும்பு பச்சையா இருக்கும்" எண்டு பெரியப்பா சொல்ல, அண்ணா நம்பேல்ல.

அப்பாவிடம் தடி இல்லை. தேய்ந்த பாட்டாவில் வெட்டிய துண்டுதான் மிதப்பு, நரம்பு கையில். ஓராக்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்தன. ஓராவின் முள்ளில் நஞ்சு. குத்தினால் சுடுதண்ணிக்குள் கையை வைத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அப்பா தலைப்பக்கமாக அமத்திப் பிடித்துக் கழற்றுவார், பார்க்காமலே.

பெரியப்பா வந்தது மீன் பிடிக்க இல்லை எண்டு வள்ளத்தில் எல்லாருக்கும் தெரியும். 1990 இல் விட்டுப்போட்டு ஓடின வளவை விற்கத்தான் வந்தவர். கூரை இல்லாத சுவரும் கிணறும்தான் மிச்சம். ரெண்டு கிழமையாக வீட்டில் ஒருத்தரும் வாய் திறக்கேல்ல.

மிதப்பைப் பார்த்தபடியே அப்பா கேட்டார்: "அண்ணை, கிணத்தடியில ரெண்டு பரப்பை மட்டும் விடுவமே?"

பெரியப்பாவும் மிதப்பைத்தான் பார்த்தார். "அம்மா அந்தக் கிணத்தில அள்ளித்தான் எங்களைக் குளிக்க வார்த்தவ, என்ன?"

"ஓம்."

"பாப்பம் தம்பி."

இந்தப் 'பாப்பம்' எங்கட குடும்பத்தில் பொல்லாத சொல். ஓமும் அதுதான், இல்லையும் அதுதான். அதுக்குள் அண்ணாவின் மிதப்பு தாழ, எல்லாரும் அந்தப் பக்கம் சாய, வள்ளம் ஆட, கதை நின்றுபோனது.

பின்னேரம் அம்மா ஓராவில் கூழ் காய்ச்சினா. முரலைப் பொரித்தோம். பச்சை எலும்பை அண்ணா போனில் படம் எடுத்துக் கனடாவுக்கு அனுப்பினார். பெரியப்பா வெள்ளிக்கிழமை பயணம். காணி உறுதி இன்னும் எங்கட அலுமாரிக்குள்தான் இருக்கு.