புதிய பதிப்பு உண்டா?

தமிழ் இலக்கியம் கற்பிக்கிறவர்களுக்கு நிரலோடு என்ன உறவு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. உறவு சிறியதுதான். எங்கள் துறையின் கணினி அறையில் பன்னிரண்டு கணினிகள் உள்ளன. அனைத்திலும் டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளம். அதன் நிலையான வெளியீடு ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும். 13ஆம் வெளியீடு 2025 ஆகஸ்டில் வந்தது. இடைக்காலத்துப் பாதுகாப்புத் திருத்தங்களை அவர்களே அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் எழுத்துருக்கள், அகராதிச் செயலி, சொற்பிழை காட்டும் கருவி என இருபத்து மூன்று தொகுப்புகளை ஆக்கியோரிடமிருந்தே நேராகப் பெற்று வைத்திருக்கிறோம். அவற்றுக்குப் புதிய பதிப்பு வந்தால் நமக்குச் சொல்வார் எவருமில்லை. ஆகவே எங்களுள் மூவர் சேர்ந்து அறுபது வரியில் ஒரு சிறுநிரல் எழுதினோம். ஞாயிறு இரவுதோறும் அது ஒவ்வொரு தளமாகச் சென்று "புதிய பதிப்பு உண்டா?" என்று வினவி, திங்கள் காலையில் ஒரு பட்டியல் தரும்.

இது எங்கள் கண்டுபிடிப்பன்று. டெபியனில் பெரும்பாலான தொகுப்புகளோடு 'வாட்ச்' என்றொரு சிறு கோப்பு இருக்கும். எந்த முகவரியில் தேட வேண்டும், கோப்பின் பெயர் எவ்வடிவில் இருக்கும் என்பதே அதன் உள்ளடக்கம். 'யூஸ்கேன்' என்ற கருவி அதைப் படித்துத் தேடிவரும். நாங்கள் செய்தது அதன் எளிய வடிவம்.

எண்களை ஒப்பிடுவதில் மாணவர்கள் முதலில் தடுமாறுவார்கள். 1.9 பெரிதா, 1.10 பெரிதா? கணக்கு வகுப்பில் 1.9, இங்கே 1.10. இடையிலுள்ள புள்ளி பதின்மப் புள்ளியன்று, அதிகாரத்தையும் பாடலையும் பிரிக்கும் புள்ளி என்று சொன்னால் விளங்கிவிடும். ஒன்பதாம் பாடலுக்குப் பின் பத்தாம் பாடல், அவ்வளவே. 'பதிப்பு' என்ற சொல்லும் நமக்குப் புதிதன்று. உ.வே.சாமிநாதையரின் சீவக சிந்தாமணி முதற்பதிப்பு 1887இலும் இரண்டாம் பதிப்பு 1907இலும் வெளிவந்தன. இருபதாண்டுக் காலம் ஒருவர் தம் நூலையே திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருந்தார் என்பதை அவ்விரண்டு ஆண்டுகளுக்கு இடைப்பட்ட வெளி சொல்கிறது.

புதிய பதிப்பை ஏன் தேட வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. முந்திரி, காணி, மா முதலிய பழைய பின்னக் குறிகள் 2019இல் வெளியான யூனிகோடு 12.0இல்தான் இடம்பெற்றன. 'தமிழ்ப் பிற்சேர்க்கை' என்னும் அப்பகுதியில் 51 குறிகள் உள்ளன. நாஞ்சில் நாட்டுப் பழைய நில ஆவணங்களைப் படிக்கும் மாணவருக்கு இவை வேண்டும். அதற்கு முன்பே நின்றுபோன எழுத்துருவில் முந்திரி இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம் நிற்கும்.

எனினும் புதியதெல்லாம் நல்லதென்று கொள்வதற்கில்லை. எங்கள் ஊரான தோவாளையில் புதுமைக்கு ஒரே பொருள்தான். விடியுமுன் கூடும் மலர்ச்சந்தையில் பிச்சியும் மல்லிகையும் கிரேந்தியும் கொழுந்தும் அன்று பறித்தவையாக இருந்தால் விலை. நேற்றைய பிச்சியை எவரும் ஏறிட்டும் பாரார். அதே ஊரில், 2025இல் புவிசார் குறியீடு பெற்ற மாணிக்கமாலையைக் கட்டும் கைகள் அரளியையும் நொச்சி இலையையும் மடித்து வைக்கும் முறையோ தலைமுறைப் பழையது. அதற்குப் புதிய பதிப்பு உண்டா என்று கேட்பது பொருந்தாது. மென்பொருள் இவ்விரண்டில் எவ்வகை என்பது தொகுப்புக்குத் தொகுப்பு மாறும்.

எங்கள் பட்டியலில் பெரும்பாலான வாரங்களில் இருபது தொகுப்புகளுக்கேனும் 'இல்லை' என்பதே விடை. இந்த 'இல்லை'யைப் படிக்கக் கற்பதுதான் நிரலைப் பேணும் வேலையில் பெரும்பகுதி என்று சில ஆண்டுகளில் உணர்ந்தோம். அது ஒரு சொல்லாயினும் பொருள் மூன்று.

முதலாவது, நிறைவின் 'இல்லை'. டொனால்டு நூத்தின் 'டெக்' என்னும் அச்சுக்கோப்பு நிரலின் பதிப்பெண் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓர் இலக்கம் கூடி 'பை'யின் மதிப்பை நெருங்குகிறது. 2021இல் அது 3.141592653 ஆயிற்று. தம் மறைவுக்குப் பின் பதிப்பெண் 'பை' என்றே நிலைக்க வேண்டும், எஞ்சிய பிழைகள் இயல்புகளாகக் கொள்ளப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். இங்கே அமைதி என்பது முதிர்ச்சி.

இரண்டாவது, வழி தவறியதன் 'இல்லை'. தளம் இடம் மாறும். பக்கத்தின் அமைப்பு மாறும். சில வேளை தளமே மறையும். எத்தனையோ கட்டற்ற மென்பொருள்களுக்கு வீடாக இருந்த கூகுள் கோடு 2016 ஜனவரியில் மூடப்பட்டது. நிரல் அங்கே சென்று தேடும், ஒன்றும் அகப்படாது. கிடைத்தது வெறுமை, கையிலிருப்பது 2.3. வெறுமை 2.3ஐவிடப் பெரிதன்று. ஆகவே 'புதியது இல்லை' என்று எழுதிவிடும். கேட்பவனுக்கு ஐயமே எழாது. உ.வே.சா. 1894இல் அச்சேற்றிய புறநானூற்றை இன்று எடுத்துப் பாருங்கள். 267, 268 எண்ணுள்ள பாடல்கள் இல்லை, ஏடுகளில் கிடைக்கவில்லை. அதற்காக 269ஐ 267 ஆக்கி இடைவெளியை மூடவில்லை. 266ஐ அடுத்து 269தான் வருகிறது. சிதைந்த அடிகளுக்குப் புள்ளிகள் நிற்கின்றன. 'இல்லை' வேறு, 'கிடைக்கவில்லை' வேறு என்ற பதிப்பறம் அது. எங்கள் நிரலிலும் இவ்விரண்டையும் தனித்தனிச் சொற்களாகப் பிரித்தோம். எண் எதுவும் அகப்படாவிட்டால் 'காணமுடியவில்லை' என்று மட்டுமே அது எழுதும்.

மூன்றாவது, மனிதர் ஓய்ந்துபோனதன் 'இல்லை'. இதை எந்த நிரலாலும் பிரித்தறிய முடியாது.

எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்கக் கருவியின் கதை இதற்குச் சான்று. லினக்சு உலகெங்கும் புழங்கும் அதை லாசே கொலின் என்பவர் ஊதியமின்றிப் பேணிவந்தார். 2022இல் முன்பின் அறியாத சிலர், புதிய வெளியீடு ஏன் தாமதமாகிறது, வேறொருவரிடம் பொறுப்பை ஒப்படைக்கலாகாதா என்று அவரை நெருக்கினார்கள். தம் மனநலம் குறித்தும் இது ஊதியமில்லா வேலை என்பது குறித்தும் அவர் பொதுமடலில் எழுத நேர்ந்தது. ஜியா டான் என்ற பெயரில் உதவிக்கு வந்தவர் மெல்ல மெல்லப் பொறுப்பில் அமர்ந்தார். 2024இன் தொடக்கத்தில் வந்த 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் ஒரு கள்ளவாயில் ஒளிந்திருந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக ஆவதை ஐயுற்ற ஆந்திரஸ் பிராயிண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்து மார்ச் 29 அன்று அறிவித்தார். டெபியனின் நிலையான வெளியீட்டில் பழைய பதிப்பே இருந்தமையால் அது தப்பியது. புதியதை உடனுக்குடன் ஏற்ற சோதனைக் கிளைகளில் நஞ்சு புகுந்தது.

இதைப் படித்தபின் எங்கள் கேள்வியின் தொனி எங்களுக்கே உறுத்தியது. "புதிய பதிப்பு உண்டா?" என்பது இயந்திரம் இயந்திரத்திடம் கேட்கும்வரை தீங்கற்றது. அதையே மனிதர் மனிதரிடம் விடாமல் கேட்டால் அது நெருக்கடி. இலவசமாகப் பெறுகிறவன் கேட்டால் இன்னும் மோசம்.

ஆகவே இப்போது வேறொன்றும் செய்கிறோம். ஓராண்டு அசைவற்றிருக்கும் தொகுப்பின் ஆசிரியருக்கு மடல் எழுதுகிறோம். புதியது எப்போது என்று கேட்பதில்லை. தமிழ்த்துறை ஒன்றின் பன்னிரண்டு கணினிகளில் தங்கள் ஆக்கம் பயன்பட்டுவருகிறது, நன்றி, நலந்தானா? இவ்வளவுதான். சிலர் மறுமொழி தருவதில்லை. எழுத்துரு ஆக்கிய ஒருவர் இரண்டு வரி எழுதினார்: எழுத்துருவில் குறையில்லை, நேரந்தான் இல்லை, நம்பிக்கையானவர் எவரேனும் ஏற்றால் மகிழ்ச்சி. நம்பிக்கையானவர் என்ற சொல்லில் 2024இன் நிழல் இருந்தது. முதுகலை மாணவர் இருவர் ஓராண்டுக் காலம் எழுத்தெழுத்தாகச் சோதித்து, பிழைப்பட்டியல் மட்டுமே அனுப்புவது, பொறுப்பைக் கேட்பதில்லை என்று முடிவு செய்தோம். முதற்பட்டியலில் பதினொரு பிழைகள் சென்றன. ஒன்பது சரியென்று பதில் வந்தது. இரண்டு பிழையே அல்லவாம்.

பட்டியலில் இப்போது கூடுதலாக ஒரு கட்டம் உண்டு. தொகுப்பின் பெயர், நம்மிடமுள்ள எண், தளத்திலுள்ள எண் ஆகியவற்றை அடுத்து, ஆசிரியரோடு கடைசியாக மடல் பரிமாறிய நாள். முதல் மூன்றையும் நிரல் நிரப்பும். நான்காவதை நாங்கள்தாம் கையால் எழுதவேண்டும்.