தை மாதத்து மூட்டை

பொங்கல் முடிந்து, மாட்டுக் கொம்பில் பூசிய வர்ணம் மங்காத வாரத்தில், ஸ்ரீபெரும்புதூர்ப் புத்தகக்கடையில் மூட்டை பிரிப்பார்கள். மெட்ராஸ் புத்தகக் காட்சிக்குப் போய்க் கடைக்கார ஐயா வாங்கிவந்த மூட்டைகள் அவை. 1977-ல் மதரஸா-ஐ-ஆஸம் பள்ளியில் தொடங்கிய அந்தக் காட்சி, நான் ஆரம்பப் பள்ளியில் படித்த எண்பதுகளின் கடைசியில் அண்ணா சாலை காயிதே மில்லத் கல்லூரியில் நடந்துகொண்டிருந்தது. பஸ்ஸின் கூரைமேல் ஏற்றிவந்த சாக்குகளை அவர் தரையில் கவிழ்க்க மாட்டார். சணல் தையலைப் பிளேடால் அறுத்து, புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அட்டையைத் துண்டால் துடைத்து, யாருக்கு எது என்று அப்போதே பிரித்துவிடுவார். ஒரு வரிசை பொதுவில் விற்பதற்கு. இன்னொரு வரிசையில் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு துண்டுச் சீட்டு செருகியிருக்கும். 'தபால் ஆபீஸ்', 'கணக்கு வாத்தியார்', 'பூக்காரம்மா மகன்'. ஒரு வருஷம் ஒரு சீட்டில் எங்கள் ஊர்ப் பெயரை எழுதிப் பக்கத்தில் 'பாப்பா' என்று போட்டிருந்தார். அந்தப் பாப்பா நான்தான்.

எங்கள் ஊர் ஒரகடத்துக்குப் பக்கம். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இன்றைய சிங்கப்பெருமாள்கோயில் சாலையில் அப்போது பஸ்ஸுக்காகப் புளியமரத்தடியில் வெகுநேரம் காத்துக்கிடப்போம். ஏரிப் பாசனத்தில் சம்பா நெல், மேட்டில் வேர்க்கடலை. அப்பா உரக்கடைக்கும் கூட்டுறவு சொசைட்டிக்கும் அலையும் நாட்களில் என்னைக் கூட்டிவந்து புத்தகக்கடைப் பலகையில் உட்காரவைத்துவிட்டுப் போவார். அகலம் குறைந்த கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். முன்பக்கம் பென்சில், ஜியாமெட்ரி பாக்ஸ், இங்க் புட்டி. அவற்றைத் தாண்டினால் கூரை வரை புத்தகம். வேர்க்கடலை மூட்டை வாசனையில் வளர்ந்த எனக்குப் புதுத்தாளின் வாசனை அங்கேதான் அறிமுகம்.

ஐயா காஞ்சிபுரத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவர். ஈய எழுத்துகளை இடவலம் மாறியும் தலைகீழாகவும் பார்த்தே பழகிய கண். எதிரில் நிற்கிறவர் விரித்துப்பிடித்த பக்கத்தைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே படித்துவிடுவார். "அந்தப் பக்கத்துல எழுந்து போயிடாத கண்ணு, அடுத்த பக்கத்துலதான் விஷயமே இருக்குது" என்பார். வாசலில் ஒரு கரும்பலகை சாய்த்துவைத்திருப்பார். மாதம் பிறந்தால் பழையதை அழித்துவிட்டு, அந்த மாதம் வந்தவை இவை, இதை இன்னார் படிக்கலாம் என்று சாக்பீஸால் எழுதுவார். நிலத்தில் எந்த மாதம் எதை விதைப்பது என்று அப்பாவுக்குத் தெரிந்திருந்ததைப்போல, எந்த மாதம் எந்த வீட்டுக்கு எந்தப் புத்தகம் போக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தை மாதத்துப் பலகையில் முதல் வரி சோவியத் நூல்களுக்கு. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் மீர் பதிப்பகமும் ராதுகாவும் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய புத்தகங்களை 1951-ல் தொடங்கப்பட்ட நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் தமிழ்நாடெங்கும் விற்றது. கெட்டி அட்டை, தைத்த கட்டு, வழவழப்பான தாள், உள்ளே வண்ணப் படம். அவ்வளவு நல்ல புத்தகம் இவ்வளவு குறைந்த விலைக்கு எப்படிக் கிடைக்கிறது என்று அப்பா ஒவ்வொரு முறையும் கேட்பார். நம் ஊர்க்காரர்களே மாஸ்கோவில் தங்கி, ரஷ்ய மொழி கற்று, அங்கேயே உட்கார்ந்து தமிழாக்குகிறார்கள் என்பதை ஐயா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பூ.சோமசுந்தரம், ரா.கிருஷ்ணையா என்ற பெயர்களைக் காட்டி, "கத எழுதினவர் பேரோட இவங்க பேரையும் படிக்கணும்" என்பார். இன்றுவரை மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பார்க்காமல் நான் எந்தப் புத்தகத்தையும் திறப்பதில்லை.

சீட்டு செருகி எனக்கென்று எடுத்துவைத்தது சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்'. கிர்கீசிய மலைக் கிராமத்தில், பெரிதாகப் படிக்காத துய்ஷேன் என்ற இளைஞன் ஒரு பழைய குதிரைக்கொட்டிலைச் சுத்தம் செய்து பள்ளிக்கூடம் ஆக்குகிறான். அப்பா அம்மா இல்லாத அல்தினாய் என்ற சிறுமி அங்கே படிக்க வருகிறாள். பனியும் குதிரையும் நான் பார்த்திராதவை. ஆனால் எங்கள் ஊரிலும் பள்ளிக்கூடம் ஒரே கூரையின் கீழ் ஐந்து வகுப்பாக இருந்தது. பெரிய பெண்ணானதும் படிப்பை நிறுத்திய அக்காமார்கள் எங்கள் தெருவிலும் இருந்தார்கள். களத்துமேட்டில் நெல் காயவைத்துக் கோழி விரட்டும் வேலையில் அதைப் படித்து முடித்தேன். அடுத்த முறை போனபோது ஐயா, "எந்த எடம் மனசுல நின்னுது?" என்று கேட்டார். நல்லா இருந்தது என்று சொன்னால் அவருக்குப் போதாது. இடம் சொல்ல வேண்டும். சொன்னேன். உடனே 'குழந்தைகளும் குட்டிகளும்' எடுத்துக் கொடுத்தார். ஓநாய்க்குட்டி, நரிக்குட்டி எல்லாம் வளர்க்கும் வனக்காவலர் வீட்டுப் பெண்களின் கதை. முந்தின புத்தகத்துக்கு நான் சொன்ன பதிலிலிருந்துதான் அடுத்த புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச காலம் ஆயிற்று. கணக்கில் கெட்டிக்காரனான பூக்காரம்மா மகனுக்கு அதே தையில் யா.பெரல்மானின் 'பொழுதுபோக்குப் பௌதிகம்' போனது. அவனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை தொடங்கியதே அந்தப் புத்தகங்களை மாற்றிக்கொண்டபோதுதான்.

சித்திரை வந்தால் கடையின் முகமே மாறிவிடும். 1017-ல் இராமானுசர் பிறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். சித்திரைத் திருவாதிரையை ஒட்டி ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் அவருக்கு உற்சவம். 'தான் உகந்த திருமேனி' என்று அவர் இருக்கும்போதே வடித்ததாகச் சொல்லும் திருமேனியைச் சேவிக்க வெளியூர்க் கூட்டம் தெருவை நிறைக்கும். ஐயா பெஞ்சுகளைத் தெருவில் இழுத்துப்போட்டு, அசல் 28-ம் நம்பர் பாம்புப் பஞ்சாங்கத்தை அடுக்குவார். பக்கத்தில் இராமானுசர் சரித்திரம், திவ்வியப் பிரபந்தம். அதற்கும் அடுத்த பெஞ்சுதான் எங்கள் ஆயாவுக்கு உயிர். கொண்டித்தோப்பு பி.இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போட்ட பெரிய எழுத்துக் கதைகள். நல்லதங்காள், அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, விக்கிரமாதித்தன், மதனகாமராசன். சாணித் தாள், கொட்டை எழுத்து. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களும் விளக்கு வெளிச்சத்தில் படிப்பவர்களும் சிரமப்படக் கூடாது என்று அப்படி அச்சிட்டார்கள்.

ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தக் கதையில் எந்த இடத்தில் யார் என்ன பேசுவார்கள் என்பது பாடமாகத் தெரியும். சித்திரை, வைகாசியில் எங்கள் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி தெருக்கூத்து நடக்கும். கூத்துக்குப் போகும் முன் அந்தக் கதையைப் பெரிய எழுத்தில் ஒருமுறை நான் படித்துக்காட்ட வேண்டும். கர்ணமோட்சம் படித்தபோது நான் ஒரு வரியைத் தாண்டிவிட்டால், "அங்க ஒண்ணு உட்டுட்ட" என்று கண்ணை மூடியபடியே பிடிப்பாள். இலக்கியத்துக்கு அப்படி ஒரு ஆசிரியை எனக்குக் கல்லூரியில்கூடக் கிடைக்கவில்லை. ஐத்மாத்தவையும் அல்லியையும் ஒரே கடையில், ஒரே மரியாதையோடு அந்த மனிதர் விற்றார். எதையும் தாழ்வாகப் பேசி நான் கேட்டதில்லை.

பள்ளி விடுமுறையில் சிவகாசியிலிருந்து லயன், முத்து காமிக்ஸின் தடித்த கோடைச் சிறப்பிதழ்கள் வரும். 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு வந்த முத்து காமிக்ஸை மாமா காலத்துப் பிரதியாகவும், 1984-ல் தொடங்கிய லயனைச் சுடச்சுடவும் படித்த தலைமுறை நாங்கள். ஜூன் மாதம் முழுக்க நோட்டுப் புத்தகமும் பிரவுன் ஷீட்டும்தான். அந்த ஒரு மாதத்து வருமானத்தில்தான் மீதி மாதங்களுக்குக் கடை நின்றது.

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின் அந்த ஊர்ப் பெயர் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. கடை பல நாள் திறக்கவில்லை. திறந்தபோதும் படம் போட்ட பத்திரிகைகளை ஐயா வெளியே தொங்கவிடவில்லை; கேட்டவர்களுக்கு மடித்துக் கொடுத்தார். பிள்ளைகள் வந்துபோகும் வாசல் என்றார். அந்த வருஷக் கடைசியில் சோவியத் ஒன்றியமும் இல்லாமல் போனது. அதன்பின் வந்த தை மூட்டையில் மாஸ்கோ புத்தகம் இருந்தது, ஆனால் எல்லாம் பழைய இருப்பு. வாங்கிவைத்துக்கொள், இனி அச்சாகாது என்று அவர் ஒவ்வொருவரிடமும் சொன்னார். அப்பா நெல் பணத்தில் எனக்கு ஒரு கட்டு வாங்கித் தந்தார்.

ஐப்பசியில் தீபாவளி மலர்கள். கலைமகள், அமுதசுரபி, கல்கி, விகடன் என்று முன்பணம் கட்டிப் பெயர் பதிந்தவர்கள் பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கும். மலர் வாங்க முடியாத வீடுகளுக்கு, வாங்கிய வீட்டிலிருந்து கைமாற்றிவிடும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார். மழைக்காலத்தில் ஏரி நிரம்பி ஊருக்குள் பஸ் வராத வாரங்களில், சைக்கிள் கேரியரில் பாலிதீன் சுற்றிய பெட்டியைக் கட்டிக்கொண்டு வல்லம், மாத்தூர், ஒரகடம் என்று வந்துவிடுவார். 1931-ல் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் மாட்டு வண்டியில் நூலகமே ஓடியது, நூலகவியல் அறிஞர் சீர்காழி ரங்கநாதன் வந்து தொடங்கிவைத்தார், நான் சைக்கிளில் வருவது பெரிதா என்பார். மார்கழியில் சின்னத் திருப்பாவைப் புத்தகம். இராமானுசருக்குத் 'திருப்பாவை ஜீயர்' என்றே பெயர் உண்டு. அவர் பிறந்த ஊர்ப் பிள்ளைகள் முப்பது பாட்டும் பொருளோடு தெரிந்துகொள்ள வேண்டும் என்பது ஐயாவின் பிடிவாதம்.

நான் மேல்நிலைப் பள்ளிக்கு வந்தபோது இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது. 1998-ல் அங்கிருந்து சாண்ட்ரோ வெளியே வந்தது. அடுத்தடுத்து கண்ணாடி, டயர், கைபேசி, மறுபடி கார் என்று ஒரகடம் வரை நீண்டது. எங்கள் நிலமும் தொழிற்பேட்டைக்குள் போனது. களத்துமேடு போனபின் தை மாதத்துக்கு நெல் பணம் இல்லை. மூன்று ஷிப்டு ஊருக்குள் வந்ததும் விடியற்காலை, நடுப்பகல், நள்ளிரவு என்று கம்பெனி பஸ்கள் ஓடின. பலகையில் மாதத்தை எழுதி யார் பார்ப்பார்கள் என்று நான் நினைத்தேன். ஐயா அப்படி நினைக்கவில்லை. ஏ ஷிப்டு இறங்குகிறவர்களுக்காகச் சாயங்காலமும், பி ஷிப்டு ஏறுகிறவர்களுக்காக மதியமும் கடையில் இருந்தார். தர்மபுரி, திருவண்ணாமலை, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த பையன்களும் பெண்களும்தான் இப்போது வாடிக்கை. ராணிமுத்து, மாலைமதி, ராஜேஷ்குமார், ரமணிசந்திரன் கேட்டார்கள். முதலில் கேட்டதைக் கொடுப்பார். இரண்டாம் முறை வந்தால் கேட்டதோடு இன்னொன்றையும் காட்டுவார். வேலை செய்கிறவர்களைப் பற்றிய நாவல்களை அவர் தேடிப்பிடித்தது அந்தக் காலத்தில்தான். நெசவாளர்களுக்கு ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்', உப்பளத் தொழிலாளர்களுக்கு ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்', தேயிலைத் தோட்டத்தைப் பற்றி 'எரியும் பனிக்காடு'.

கைபேசி அசெம்பிளியில் வேலை பார்த்த ஒரு பெண்ணை நான் விடுமுறைக்கு வந்த சமயம் கடையில் பார்த்தேன். தூத்துக்குடிப் பக்கம். ரமணிசந்திரன் வாங்க வந்தவளிடம் ஐயா 'கரிப்பு மணிக'ளைக் காட்டி, ஆசிரியை உங்கள் ஊர் உப்பளத்துக்கே வந்து, தொழிலாளிகளோடு பழகி, 1979-ல் எழுதியது என்றார். அவள் அம்மா உப்பளத்தில் வாரிப் போட்டவள். வேண்டாம் ஐயா, அதைப் பார்த்துத்தானே வளர்ந்தேன் என்று ரமணிசந்திரனை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். ஐயா ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. சம்பளம் போட்ட மறுவாரம் அவளே வந்து அதைக் கேட்டு வாங்கினாள். அதற்கப்புறம் நான் போனபோதும் அவள் இருந்தாள். ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து போனில் அம்மாவுக்கு அதைப் படித்துக்காட்டுகிறாளாம். பாதியிலேயே நிற்கிறது என்றாள். அம்மா ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கிட்டு, இந்த அம்மா சரியா எழுதியிருக்காங்க, ஆனா எங்க அளத்துல இன்னொண்ணும் நடந்துச்சு என்று தன் கதையைத் தொடங்கிவிடுகிறாள்.

ஐயா முன்பக்க அலமாரியிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "அம்மா சொல்றதயும் எழுதி வைம்மா. அன்னன்னைக்குத் தேதி போட்டு எழுது."