அளவெடுத்ததா, ரெடிமேடா?

மலருக்கு ஏதாவது எழுதித் தாடா என்று மன்றச் செயலாளர் கேட்டதும், நட்பைப் பற்றியோ லட்சியத்தைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதையெல்லாம் என்னைவிட அழகாக எழுதும் நண்பர்கள் இந்த மலரில் நாலைந்து பேராவது இருப்பார்கள். எனவே நண்பர்களே, நான் காதைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் குமாரபாளையம். அப்பா இருபத்தேழு வருஷமாகத் தறி ஓட்டுகிறார். விசைத்தறிப் பட்டறைக்குள் போனவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் நிற்பவரிடம் பேசக்கூட கையைக் காட்டணும், இல்லாவிட்டால் காதோடு வாயை வைத்துக் கத்தணும். சத்தம் 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையணும் என்பது அமெரிக்காவின் நியோஷ் என்ற ஆய்வு நிறுவனம் சொல்லும் கணக்கு. 88-ல் 4 மணி, 91-ல் 2 மணி, 100 டெசிபலில் வெறும் 15 நிமிஷம். அப்பாவுக்கு ஷிப்டு 12 மணி நேரம். மீதியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் சத்தமாகத்தான் பேசுவோம். புதிதாக வருகிறவர்கள் சண்டை என்று நினைத்துத் திண்ணையிலேயே நின்றுவிடுவார்கள்.

நான் லீவு நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் ரிதம் பேட் வாசிக்கிறேன். என் பரீட்சைக் கட்டணமும் பஸ் பாஸும் அதிலிருந்துதான். மாரியம்மன் நோம்பி சீசனில் மேடை எப்படி இருக்கும் தெரியுமா? தன் சத்தம் கேட்கவில்லை என்று கீபோர்டுக்காரர் மானிட்டர் ஸ்பீக்கரை ஏற்றுவார். உடனே கிட்டார் அண்ணன் ஏற்றுவார். பாடுகிறவர் பாவம், அதற்கும் மேலே. கச்சேரி முடிந்து படுத்தால் விடியும்வரை காதுக்குள் ஙொய்ங் என்று ஒரு வண்டு. அந்த வண்டுதான் என்னைப் பயமுறுத்தியது. அப்பாவுக்கும் ஆரம்பம் அதுதானாம்.

இந்த வருஷம் குழு ஓனர் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு, காதுக்குள் மாட்டும் இன்-இயர் செட் வாங்கினார். "பெட்டி, வயர் எல்லாம் எஞ்செலவு. காதுல மாட்டறது அவுங்கவுங்க பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டார். அங்கேதான் ஆரம்பித்தது கேள்வி. காதுக்கு அச்செடுத்துச் செய்ததா, கடையில் கிடைக்கும் ரெடிமேடா? அளவெடுத்ததற்கு எனக்குச் சொன்ன விலை 22,000 ரூபாய். ரெடிமேட் 1,800. "காது ஒண்ணுதான கண்ணு, சீட்டு எடுத்துத் தர்றேன்" என்றார் அம்மா.

இரண்டுக்கும் சரித்திரம் உண்டு. ரெடிமேடில் பேர்பெற்ற எட்டிமோட்டிக்கின் ஈ.ஆர்.4 வந்தது 1991-ல். அச்செடுத்துச் செய்வதில் பேர்பெற்றவர் ஜெர்ரி ஹார்வி. வான் ஹேலன் ராக் குழுவின் சவுண்ட் இன்ஜினியரான அவர், 1995-ல் டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காகச் செய்ததிலிருந்து அல்டிமேட் இயர்ஸ் கம்பெனியே பிறந்தது. இவற்றுக்குள் இருக்கும் பேலன்ஸ்டு ஆர்மச்சர் என்ற குட்டி ஸ்பீக்கர், காது மெஷினில் போடுகிற அதே சாமான்தான்.

ஆனால் எதை வாங்கினாலும் விஷயம் ஒன்றுதான்: காற்றுப் புகாமல் அடைக்கணும். இடைவெளி இருந்தால் முதலில் கசிவது பேஸ். பேஸ் கேட்காவிட்டால் நாம் செய்வது வால்யூமை ஏற்றுவது. அப்புறம் மானிட்டர் ஸ்பீக்கருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அச்சு எடுப்பதைப் பற்றி விசாரிக்க ஈரோட்டில் ஒரு ஆடியாலஜிஸ்ட் மேடத்திடம் போனேன். அப்பாவையும் வம்பாகக் கூட்டிப் போனேன். முகாமில் இலவசமாகக் கிடைத்த காது மெஷின் அவரிடம் இருந்தது, போட்டால் கீ... என்று கூவும். அதனால் சாமி படத்துக்குப் பக்கத்தில் டப்பாவுக்குள்ளேயே கிடந்தது. மேடம் பார்த்ததும் சொன்னார், மெஷினில் கோளாறு இல்லை, ரெடிமேட் ரப்பர் அப்பா காதில் சரியாக அடைக்கவில்லை, சத்தம் வெளியே கசிந்து திரும்ப மைக்குக்கே போகிறது என்று. மேடையில் மைக்கை ஸ்பீக்கர் முன்னால் காட்டினால் கூவுமே, அதேதான்! எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது.

முதலில் விளக்கடித்துக் காதுக்குள் பார்த்தார். நூல் கட்டிய சின்னப் பஞ்சை உள்ளே வைத்தார், பசை செவிப்பறைவரை போகாமல் இருக்க. இரண்டு சிலிக்கானைப் பிசைந்து ஊசி மாதிரி ஒன்றால் உள்ளே விட்டார். சில நிமிஷத்தில் இறுகியதும் நூலோடு உருவினார். காதுக்குழாய் நேராக இல்லை, இரண்டு வளைவு. இடது ஒரு மாதிரி, வலது வேறு மாதிரி. (ஒர்க் ஷாப் சிலிக்கானை வாங்கி ஹாஸ்டலில் யாரும் ஊற்றிக்கொள்ள வேண்டாம், குறிப்பாக மெக்கானிக்கல் நண்பர்கள்!)

அப்பாவுக்கு மோல்டு சொன்னோம். எனக்கு ரெடிமேட் போதும் என்று முடிவு செய்தேன். பாடுகிறவர் வாயைத் திறந்து மூடும்போது தாடை அசைந்து காதுக்குழாயின் வடிவமே மாறும். அதனால் அவர்களுக்கு வாய் திறந்தபடி அச்செடுத்துச் செய்வது நல்லது; எங்கள் பாடகர் அண்ணன் செய்துகொண்டார், சரிதான். நான் வாயை மூடிக்கொண்டு வாசிப்பவன். ஃபோம் பட்ஸ் எனக்கு நன்றாக அடைக்கிறது. தவிர அச்செடுத்தது என் காதுக்கு மட்டும்தான், நாளைக்கு வேலைக்கு ஓசூர் போய்விட்டால் விற்கக்கூட முடியாது. அம்மாவின் சீட்டு அப்படியே இருக்கிறது.

பத்து நாள் கழித்து மோல்டு வந்தது. கூவல் இல்லை. காது பழையபடி ஆகாது, பாதி வார்த்தை இன்னும் அப்பாவுக்குப் புரியாது என்று மேடம் முன்பே சொல்லியிருந்தார். அன்று ராத்திரி அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது அப்பா திடுக்கிட்டு, "ஏம்புள்ள இப்படிக் கத்தறே?" என்றார். அம்மாவுக்குக் கோபம். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. பட்டறைக்கு மெஷினைப் போடக் கூடாது. அங்கே போட மஞ்சள் ஃபோம் அடைப்பான் வாங்கித் தந்திருக்கிறேன். பாதி நாள் காதில் இருக்கும், பாதி நாள் சட்டைப் பையில்.

ஃபோம் பட்ஸ் போடும் முறை: விரலால் உருட்டி ஒல்லியாக்கணும், இன்னொரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதின் மேல் நுனியைத் தூக்கிப் பிடிக்கணும், உள்ளே விட்டு அரை நிமிஷம் அழுத்திக்கொள்ளணும். சந்தேகம் இருந்தால் இ.சி.இ. மூன்றாம் ஆண்டு வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு வாருங்கள், என் இன்-இயரைத் தருகிறேன். பட்ஸ் மட்டும் உங்களுடையதைக் கொண்டுவரணும்.