கேட்பவர் முகம்

ஒரே கேமராவில் இரண்டு பேர் பேசுவதை எடுக்க வேண்டுமானால், அந்தப் பேச்சு குறைந்தது மூன்று முறை நடந்தாக வேண்டும். ஒரு அம்மாவும் மகளும் சண்டை போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் இருவரும் தெரிகிற மாஸ்டர். அடுத்து அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து மகள். கோடம்பாக்கத்தில் இதை சஜஷன் என்போம். பிறகு மகளின் தோளுக்குப் பின்னாலிருந்து அம்மா. திரையில் இரண்டு நிமிடம் ஓடும் சண்டைக்கு மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் அரை நாள் போய்விடும்.

மகள் இடப்பக்கம் பார்த்துப் பேசினால் அம்மா வலப்பக்கம் பார்த்துப் பேச வேண்டும். இருவருக்கும் நடுவே ஓடும் கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டாதவரை லுக் தானாகவே அமைந்துவிடும். இதை ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். யாரை முதலில் எடுப்பது என்பதுதான் கடினம். மாடவீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் முற்றத்து வெயில் நமக்காகக் காத்திருக்காது. அதனால் வெயில் தெரியும் வைடை முதலில் முடித்துவிட்டு, க்ளோஸப்புகளைப் பிற்பகலில் தெர்மாகோலால் வெளிச்சத்தைத் திருப்பிச் சமாளிப்பேன். ஆனால் அழ வேண்டியவர் ஒருவர் இருந்தால் வெயிலை மறந்துவிட்டு அவருடைய க்ளோஸப்பைத்தான் முதலில் எடுப்பேன். நான்காவது டேக்கில் வரும் கண்ணீர் முதல் டேக்கில் வந்ததைப் போல இருப்பதில்லை.

சவுண்டுக்காக மின்விசிறியை நிறுத்திவிடுவோம். சென்னை வெக்கையில் காலை மாஸ்டரில் உலர்ந்திருந்த நெற்றி, மதியம் சஜஷனுக்கு வரும்போது பளபளக்கும். துடைத்துத் துடைத்துத்தான் எடுக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் சத்தத்தை நிறுத்த முடியாது: தி.நகர் பிளாட் என்றால் உஸ்மான் சாலை ஹாரன், அடையாறு என்றால் காக்கைகள். ஒவ்வொரு கோணம் முடிந்ததும் யாரையும் பேசவிடாமல் அரை நிமிடம் அறையின் சத்தத்தை மட்டும் பதிவு செய்துகொள்வேன். எடிட்டிங்கில் வெட்டுகளுக்கு அடியில் அதை ஓடவிட்டால் மூன்று வேளையில் எடுத்தது ஒரே வேளை ஆகிவிடும்.

பிலிம் காலத்தில் 35 எம்.எம். கேமராவில் 400 அடிச் சுருள் நாலரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு பக்கமும் தேவையான வரிகளை மட்டும் எடுத்துக்கொள்வது வழக்கமாயிற்று. 2008இல் கேனன் 5டி மார்க் 2 வந்த பிறகு, குறும்படம் எடுக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கஞ்சத்தனம் தேவைப்படவில்லை. ஆனாலும் பலர் இன்றைக்கும் பேசுகிறவரை மட்டும் எடுத்துவிட்டு அடுத்த செட்டப்புக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அது பொறுக்காது. முழுக் காட்சியும் இரண்டு பக்கமும் ஓட வேண்டும். ஃபிரேமில் இல்லாத நடிகர் லென்ஸை ஒட்டி உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, அதே வேகத்தில் வசனம் சொல்ல வேண்டும். அவரைக் கேரவனுக்கு அனுப்பிவிட்டு அசிஸ்டென்ட் டைரக்டர் பேப்பரைப் பார்த்துப் படித்தால், எதிரே இருப்பவர் முகத்தில் ஒன்றும் நடக்காது.

எனக்கு வேண்டியது அந்த முகம்தான். "நான் வேலைய விட்டுட்டேம்மா" என்கிறாள் மகள். அம்மா காபி ஆற்றிக்கொண்டிருக்கிறாள். மகள் "விட்டுட்டேம்மா" என்று முடிப்பதற்குள்ளேயே நான் அம்மாவுக்கு வெட்டிவிடுவேன். மகளின் குரல் அம்மாவின் முகத்தின் மேல் தொடரும். டம்ளரைத் தூக்கிய கை மேலேயே ஒரு கணம் நின்று, பிறகு மறுபடி ஆற்றுகிறது. பதில் வசனமே தேவையில்லாமல் போகலாம். இதற்காகத்தான் ஒவ்வொரு டேக்குக்கும் டபராவில் அதே அளவு காபி, அதே நுரை வேண்டுமென்று அடம்பிடிக்கிறேன். நுரை அடங்கிவிட்டால் அந்த வெட்டு எனக்குக் கிடைக்காது.

பி. லெனினும் வி.டி. விஜயனும் எடிட் செய்த 'நாயகன்' (1987) படத்தில் அப்பாவும் மகளும் மோதுகிற காட்சியில் கேட்பவர் முகத்துக்கு எப்போது வெட்டுகிறார்கள் என்று கவனிக்க, ஒலியை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்க்கும்படி புதிதாக வருகிறவர்களிடம் சொல்வேன். 

பேட்டி வேறு விஷயம். அங்கே பேட்டி தரும் பெரியவர் சொன்னதை இன்னொரு முறை சொல்லச் சொல்ல முடியாது. கேள்வி கேட்டவர் தலையாட்டுவதைப் பேட்டி முடிந்த பிறகு தனியாக எடுத்து நடுவில் சொருகுவது வழக்கத்தில் இருக்கிறது. நான் அதைச் செய்வதில்லை. கேள்வி கேட்டவர் அப்போது பதிலை எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதற்கு அது சாட்சி இல்லையே. பேச்சைச் சுருக்க வேண்டிய இடத்தில் பெரியவரின் கையையோ சுவரில் தொங்கும் படத்தையோ வைப்பேன். அதுவும் இல்லையென்றால் படம் துள்ளினாலும் நேராக வெட்டிவிடுவேன்; பார்க்கிறவருக்கு அது தெரியட்டும்.