அரை மணி பின்தங்கிய கைக்கடிகாரம்

தெலுக் இந்தான் நகருக்குள் கார் நுழைந்ததுமே என் பேத்தி கண்ணாடியை இறக்கிவிட்டு, "தாத்தா, கோபுரம் விழப்போகுது!" என்று கத்தினாள். பேராக்கின் இந்தச் சாய்ந்த கோபுரத்தை முதல்முறை பார்க்கும் பிள்ளைகள் எல்லாரும் சொல்வதுதான். நானும் ஒரு காலத்தில் அப்பாவின் சைக்கிளில் உட்கார்ந்துகொண்டு அப்படிக் கத்தியவன்தான்.

1885இல் லியோங் சூன் சோங் என்ற குத்தகையாளர் கட்டிய கோபுரம் இது. உயரம் 25.5 மீட்டர். வெளியிலிருந்து எண்ணினால் எட்டு மாடி. உள்ளே போனால் மூன்றுதான். வறட்சிக்கும் தீ விபத்துக்கும் உதவட்டும் என்று உள்ளே ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். கீழே இளகிய மண், மேலே தண்ணீரின் கனம். கோபுரம் சாய்ந்துவிட்டது. ஆனால் உச்சியில் இருக்கும் கடிகாரம் இன்றும் ஊருக்கு மணி காட்டுகிறது.

காலம் என்றால் சிலருக்கு ஓடும் ஆறு நினைவுக்கு வரும், சிலருக்குச் சக்கரம். நம் பெரியவர்கள் எமனுக்கே காலன் என்று பெயர் வைத்தார்கள். எனக்குக் காலம் என்றால் இந்தக் கோபுரமும், என் கையில் கட்டியிருக்கும் அப்பாவின் பழைய கடிகாரமும்தான்.

1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளி, சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கினார்கள். இரவு பதினொன்றரை, நள்ளிரவு பன்னிரண்டாகிவிட்டது. தெலுக் ஆன்சன் என்ற ஊர்ப் பெயர் தெலுக் இந்தான் ஆனதும் அதே ஆண்டில்தான்.

அப்பா மட்டும் தம் கடிகாரத்தை மாற்றவில்லை. "பால்மரத்துக்குப் புது நேரம் தெரியுமாடா?" என்று சிரிப்பார்.

அந்த முதல் வாரத்தில்தான் கோலாலம்பூரில் எனக்கு வேலை கிடைத்தது. காலை ஏழு மணி பஸ். "பெரட்டுல சொல்லிட்டு வந்துடுறேன், நீங்க முன்னாடி போங்க" என்றார் அப்பா. அம்மாவும் நானும் காத்திருந்தோம். பஸ் கிளம்பும்வரை அவர் வரவில்லை. வழியனுப்பக்கூட வர மனமில்லையே என்ற கோபம் எனக்குள் பல வருடம் இருந்தது. தீபாவளிக்கு வந்தால்கூட அவரிடம் அளந்துதான் பேசினேன்.

அவர் இறந்த பதினாறாம் நாள் அம்மா சொன்னார். "அன்னைக்கு உங்கப்பா வந்தாருய்யா. பஸ் போயி பத்து நிமிசம் இருக்கும். கையில நாசி லெமாக் பொட்டலம், சட்டைப்பையில இருபது வெள்ளி. இன்னும் இருபது நிமிசம் இருக்கேன்னு மெதுவா மிதிச்சு வந்திருக்காரு. மணிக்கூண்டைப் பார்த்தாரு, கையைப் பார்த்தாரு. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசல. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு."

"அதுக்கு அப்புறமாவது முள்ளை மாத்தியிருக்கலாமேம்மா?"

"கேட்டேன். 'இந்தக் கடியாரத்துல எம்புள்ள இன்னும் பஸ் ஏறல'ன்னாரு."

பால்மரத்தின் பெயரைச் சொல்லி அவர் சிரித்ததை எல்லாம் அன்றிரவு ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் தீர்ந்திருக்கும் கோபம். கேட்க ஆளில்லாத நாளில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது.

அவர் வேலை செய்த தோட்டம் இப்போது செம்பனைக் காடு. லயங்களும் இல்லை. நேரம் கிடைக்கும்போதெல்லாம் இங்கே வந்து கோபுரத்தின் கீழே சற்று நேரம் உட்கார்வேன்.

அன்று கிளம்பும்போது மேலே மணி நாலரை. பேத்தி என் கையைத் திருப்பிப் பார்த்தாள். "தாத்தா, உங்க வாட்ச் தப்பு. நாலுதான் காட்டுது. நான் சரி பண்ணவா?"

கழற்றி அவளிடம் கொடுத்தேன்.

"சாவி மட்டும் கொடும்மா. முள்ளைத் தொடாதே."