'கோ' எப்படி 'வென்ட்' ஆனது?

ஜப்பானியப் பிள்ளைகளின் ஆங்கிலப் பாடநூலில், கடைசிப் பக்கங்களில் ஓர் அட்டவணை இருக்கும். 'ஃபுகிசோகு தோஷி', அதாவது ஒழுங்கில் அடங்காத வினைகள். கோ, வென்த்தோ, கோன் என்று வாய்விட்டுச் சொல்லி நெட்டுரு போடுவார்கள். டகர மெய்யில் சொல்லை முடிக்கும் பழக்கம் அவர்கள் மொழியில் இல்லை. அதனால்தான் அந்த 'தோ'.

ஜப்பானிய இலக்கணம் ஒழுங்கற்றவை என்று ஒதுக்கி வைக்கும் வினைகள் இரண்டே: சுரு (செய்), குரு (வா). மற்றவை 'தா' விகுதி ஏற்று இறந்தகாலமாகும். சிலவற்றில் ஒலி சற்று மாறும், அவ்வளவுதான். இப்படிப்பட்ட மொழியில் வளர்ந்த பிள்ளை, 'கோ' ஏன் 'வென்ட்' ஆகிறது என்று கேட்காமல் இருக்குமா? மனப்பாடம் செய் என்பது ஒரு பதிலா? எனக்கு அதில் உடன்பாடே இல்லை. காரணம் இருக்கிறது, சுவையான காரணம்.

'வெண்ட்' என்றொரு ஆங்கில வினை உண்டு. திரும்புதல் என்பது பழைய பொருள். பிறகு வழிபிடித்துச் செல்லுதல். 'ஸெண்ட்' இறந்தகாலத்தில் 'ஸென்ட்' ஆவதுபோல 'வெண்ட்', 'வென்ட்' ஆயிற்று. 'கோ'வுக்கோ, ஆங்கிலம் எழுத்தில் கிடைக்கும் காலம் முதலே சொந்த வேரிலிருந்து இறந்தகாலம் கிடையாது. 'எயோடெ' என்ற வேற்று வேர்ச்சொல் அந்த இடத்தில் நின்றது. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் அதை விலக்கிவிட்டு 'வென்ட்' வந்து அமர்ந்தது. தன் இறந்தகாலத்தைப் பறிகொடுத்த 'வெண்ட்', 'வெண்டட்' என்று புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொண்டது.

இறந்தகாலத்தின் வடிவத்தைவிட அதன் பொருள்தான் ஜப்பானியப் பிள்ளைகளைப் படுத்தும். பஸ் தெருமுனையில் தலைகாட்டியதுமே ஜப்பானியர் 'பசு கா கித்தா' என்பார்: பஸ் வந்தது. ஜப்பானியம் கற்கத் தொடங்கியபோது இது எனக்கு உடனே பிடிபட்டது. நாமும் 'பஸ் வந்திடுச்சு' என்றுதானே கையை நீட்டுகிறோம்! ஆங்கிலம் பேசுகிறவருக்கு அது இன்னும் வந்துகொண்டிருக்கும் பஸ். தேடிய சாவி அகப்பட்டதும் 'அத்தா!' என்பார்கள். இருந்தது என்று பொருள். சாவி இப்போதும் கண்ணெதிரேதான் இருக்கிறது.

இந்தத் 'தா' பழைய 'தரி'யின் தேய்வு. 'தே'யும் 'அரி'யும் சேர்ந்தது 'தரி'. 'அரி' என்றால் இரு. நம் 'செய்திருக்கிறது' போன்றதொரு அமைப்பு அதன் அடியில் கிடக்கிறது. காலம் கழிந்ததோடு, காரியம் நிறைவேறியதையும் அது சொல்கிறது. பழைய மொழியில் கி, கெரி, த்சு, நு, தரி, ரி என்று ஆறு துணைவினைகள் இந்த வேலையைப் பகிர்ந்துகொண்டன. உயர்நிலைப் பள்ளியின் செவ்வியல் பாடத்தில் அவற்றையெல்லாம் மாணவர்கள் கற்கிறார்கள்.

தங்கள் மொழியின் கதையை இவ்வளவு தூரம் தொடரக்கூடிய பிள்ளைகளிடம் 'வென்ட்' கதையை மறைத்து, வெறும் அட்டவணையை மட்டும் நீட்டுவது அநியாயம். ஐந்து நிமிடம் போதும், சொல்லிவிடலாம். அடுத்த வகுப்பில் ஆம், வாஸ், பீ. ஒரே வினையின் வடிவங்கள்போல நிற்கும் அந்த மூன்றுக்கும் வேர்கள் மூன்று.